படியின் கீழ் பலகை பூட்டுமுன் ஒரு மாரி பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகருக்குள் வளவுகள் சுருங்கச் சுருங்க வீடுகள் மேலே எழும்புகின்றன. உவர்மலைப் பக்கம் போலச் சரிவான நிலமென்றால் கீழேயும் இறங்குகின்றன. வீதியிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தட்டு. பின்பக்கம் போனால் மண்ணை வெட்டி இறக்கிய இன்னொரு தட்டு. அந்தக் கீழ்த்தட்டுக்கு இறங்கும் கொங்கிறீட் படியின் அடியில் ஒரு முக்கோண இடம் சும்மா கிடக்கும். பழைய பெயின்ற் வாளி, கழற்றிய மின்விசிறி, பிள்ளைகள் வளர்ந்ததால் குட்டையாகிப் போன சைக்கிள் என்று அது தானாகவே நிரம்பும். அங்கே அளவுக்குச் செய்த அலுமாரியும் இலாச்சிகளும் பூட்டுவிப்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். பூட்டியது கெட்டுப்போவதும் கூடியிருக்கிறது. கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தச்சனின் கை அல்ல, வேலை தொடங்கிய மாதம்.

ஆடி ஆவணியில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கீழ்த்தட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். சூளையிலிருந்து எடுத்த சட்டி போல வறண்டிருக்கும். அளவெடுத்து, பலகை அறுத்து, பூட்டி, வார்னிஷும் அடித்துவிடலாம். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றோடு கொட்டும் மழைதான் எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கு. சரிவில் இறங்கும் தண்ணீர் அந்தச் சுவரின் முதுகில் வந்து சாயும். தைப்பொங்கலுக்குக் கோலப்பொடி எடுக்க இலாச்சியை இழுத்தால் அசையாது. கதவின் அடிமுனை ஊதியிருக்கும். முதுகுப் பலகையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருக்கும்.

ஆகவே முதலில் சுவர், பிறகுதான் பலகை. தடித்த பொலித்தீனில் இரண்டடிக்கு இரண்டடியாக மூன்று துண்டு வெட்டுங்கள். மண் முட்டும் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்று, நாலடி உயரத்தில் ஒன்று, படியடித் தரையில் ஒன்று என்று வைத்து நாலு ஓரங்களையும் அகலமான ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். பூச்சுப் பொருக்கு எழும்பும் இடத்தில் நாடா பிடிக்காது. அங்கே கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று நாலு நாள் மழை பெய்த பிறகு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்து முத்தாக நின்றால் தண்ணீர் சுவருக்குள்ளால் வருகிறது. முத்து வெளிமுகத்தில் மட்டும் இருந்தால் சுவரில் குற்றமில்லை. அடைபட்ட ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் வியர்க்கிறது, காற்றோட்டம் கொடுத்தால் போதும். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு. சோதனை பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே நீர்காப்புப் பெயின்றை உள்ளே அடித்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து தள்ளும் தண்ணீர் அந்தப் பெயின்றை அடுத்த மாரியிலேயே அப்பளம் போல எழுப்பிவிடும்.

சுவருக்குள்ளால் வரும் நீரை வெளியே வைத்துத்தான் மறிக்கலாம். சுவரின் வெளிப்புறத்தை அத்திவார மட்டம் வரை தோண்டி, நீர்காப்புப் பூச்சுக் கொடுத்து, அடியில் துளையிட்ட நாலங்குலப் பிவிசிக் குழாயைச் சல்லிக்குள் புதைத்து, நூறடிக்கு ஓரடி சாய்வில் பள்ளப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள். மலைச்சரிவு வீட்டுக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு: தண்ணீர் போக இடம் இருக்கிறது. அயல் வீட்டு மதில் ஒட்டியிருப்பதால் தோண்ட வழியில்லை என்றால் அந்தச் சுவரில் பலகை எதுவும் தொடக் கூடாது; மூன்றங்குலம் விலக்கி அலுமாரியைத் தனியே நிறுத்துங்கள். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்புக் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

சுவர் ஒரு மாரியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாசி பங்குனியில் அளவெடுக்கலாம்.

எங்கள் பக்கத்துப் படிகள் பெரும்பாலும் ஏழங்குல ஏற்றம், பத்தங்குல மிதி. பதினேழு ஏற்றமும் பதினாறு மிதியும் கொண்ட படி பதின்மூன்றடி நாலங்குலம் ஓடும். கொங்கிறீட் தடிப்பு ஐந்தங்குலம், பூச்சு அரை அங்குலம் என்றால் முதற்படியிலிருந்து இரண்டேகாலடி தூரத்தில் உட்புற உயரம் ஓரடிதான். ஐந்தடியில் ஏறக்குறைய மூன்றடி உயரம் கிடைக்கும். ஆறடி மனிதர் நிமிர்ந்து நிற்க ஒன்பதடி நாலங்குலம் போக வேண்டும். முதல் இரண்டேகாலடியை விட்டுவிடுங்கள். கை எட்டாது, கரப்பான் குடியிருக்கும். அதைக் கம்பிவலை வைத்த சிறு பலகையால் மூடிக் காற்றுப்போக்கியாக்குவதுதான் அந்த மூலையின் சிறந்த பயன். அடுத்த இரண்டேமுக்காலடியில் சப்பாத்துக்கும் கருவிகளுக்கும் இழுப்புப் பெட்டி இரண்டு. நடுவே நாலடி நாலங்குலத்தில் உயரமான இழுப்புப் பெட்டி மூன்று. கடைசி நாலடியில் தும்புத்தடி, மடிக்கும் ஏணி, பாய், விருந்துக்கு வரும் கதிரைகள், இங்கேதான் கதவு. நாலடியை இரண்டு கதவாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். நடைபாதை மூன்றடிதான் இருக்கும். இரண்டடிக் கதவு திறந்து நின்றால் கடந்துபோக ஓரடிதான் மிஞ்சும்.

இந்த எண்களைப் பார்த்துக் கடையிலேயே பலகையை அறுப்பித்துவிட வேண்டாம். படியின் அடிப்பூச்சு ஒருநாளும் நேராக இருப்பதில்லை. பத்தடி ஓட்டத்தில் அரை அங்குலம் உள்வாங்கும், பிறகு வயிறு தள்ளும். குளிர்சாதனப் பெட்டி வந்த காட்போட் மட்டையைச் சரிவுக்கு ஓரங்குலம் குறைவாக வெட்டித் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்துங்கள். ஒன்றேகால் அங்குல மரத்துண்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் பென்சிலை ஒட்டிப் பிடித்து, மறுபக்கம் படியின் அடிப்பூச்சைத் தொட்டபடி மேலிருந்து கீழ்வரை இழுங்கள். பூச்சின் மேடும் பள்ளமும் அப்படியே மட்டையில் விழும். அந்தக் கோட்டில் மட்டையை வெட்டிப் பலகையில் வைத்து, கோட்டுக்கு வெளியே மரத்துண்டின் அளவு தள்ளிக் கீறி, வாளை அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு) வெளியே விட்டு அறுத்து, மிச்சத்தைச் சீவுளியால் எடுத்தால் பலகை பூச்சோடு உட்காரும். இதற்கு அரை நாள் போகும். இந்த அரை நாளை மிச்சம் பிடித்தவர்கள்தான் பிறகு இடைவெளியில் சிலிக்கனைப் பிதுக்கி நிரப்புகிறார்கள்.

பலகையைப் பற்றி. தூள்பலகையும் எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையும் இந்தக் காற்றுக்கு ஆகாது. மேலே மெலமைன் ஒட்டியிருந்தாலும் வெட்டிய ஓரத்தால் ஈரம் ஏறும், ஒருமுறை ஊதினால் வெயிலில் வைத்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. அலுமாரியின் கூட்டுக்குக் கொதிநீர் தாங்கும் தரத்து ஒட்டுப்பலகைதான் சரி. ‘மரைன்’ என்று முத்திரை குத்தியதெல்லாம் மரைன் அல்ல. இந்தியாவிலிருந்து வருவதில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர இலக்கம் இருக்க வேண்டும். அந்தத் தரத்துக்குப் பசை 72 மணி நேரம் கொதிநீரில் நின்றுபிடிக்க வேண்டும். வீட்டில் அவ்வளவு விறகு எரிக்கத் தேவையில்லை. கடைக்காரரிடம் இரண்டங்குலத் துண்டொன்று கேட்டு வாங்கி நாலு மணி நேரம் அவித்து, ஆறியதும் ஓரத்தில் கத்திமுனையைக் கொடுங்கள். வெங்காயத் தோல் போல உரிந்தால் அந்தக் கடையின் மற்றப் பலகைகளையும் கும்பிட்டுவிட்டு வரலாம்.

சட்டத்துக்கும் கதவுக்கும் தேக்கு, மகோகனி, முற்றிய வேம்பு, பலா எதுவும் ஆகும். சொந்த வளவில் நிற்கிற பலாவென்றாலும் தறிக்க அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டின் சட்டம் அது. இறப்பர் மரத் துண்டுகளை ஒட்டிய பலகை மலிவும் வெள்ளையும்தான், ஆனால் ஈரத்தில் நீலம் பாரிக்கும், துளைபூச்சிக்கும் பிடித்தமானது. சாவண்டலை கிடைத்தால் விடாதீர்கள். ஆங்கிலேயர் மர வியாபாரத்தில் ‘திருகோணமலை மரம்’ என்றே அதைத்தான் அழைத்தார்கள். சாராயப் பீப்பாய் செய்யும் மரமும் அதுவே. ஊரின் பெயரைச் சுமந்த மரம் ஊர்க் கடையில் அருமையாகிவிட்டது.

திட மரக் கதவென்றால் அகலப் பாட்டுக்கு அது விரிந்து சுருங்கும். ஒன்றரை அடி அகலத் தேக்குப் பலகை கச்சானுக்கும் மாரிக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு நூல் நடக்கும். சட்டத்துக்குள் நாலு நூல் ஆழத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் சும்மா செருகி, பக்கத்துக்கு ஒரு நூல் இடம் விடுங்கள். உறுதிக்காகப் பலகைக்கும் பசை போட்டால் அது விரியும்போது சட்டத்தின் மூட்டைப் பிளக்கும், சுருங்கும்போது நடுவால் வெடிக்கும். கதவைச் சுற்றியும் ஒரு நூல் இடைவெளி வேண்டும். கச்சானில் பூட்டுபவர் ஒன்றரை நூல் விடட்டும். மேல் ஓரம் சரிந்த கதவுக்குப் பிணைச்சல் உயரமான பக்கத்தில் வர வேண்டும். அங்கேதான் மூன்று பிணைச்சலுக்கு இடம் இருக்கிறது.

இழுப்புப் பெட்டிதான் இந்த வேலையின் உயிர். படி மூன்றடி அகலம் என்றால் அலுமாரியும் மூன்றடி ஆழம். நிலைத் தட்டு அடித்தால் முன்வரிசைக்குப் பின்னால் வைத்தது அடுத்த தீபாவளிக்குத்தான் கண்ணில் படும். இலாச்சி ஓடுவதற்குக் கடையில் கிடைக்கும் குண்டுச் சறுக்கி பெரும்பாலும் 24 அங்குலத்தோடு நிற்கிறது, நாகமுலாம் பூசியதாக இருந்தாலும் உப்புக்காற்றில் குண்டுகள் துருப்பிடித்துக் கரகரக்கும். இந்த ஆழத்துக்குச் சில்லு வைத்த பெட்டியே நல்லது. அடிப்பலகை 18 மில்லிமீற்றர், கீழே திரும்பாத நேர்ச்சில்லு நாலு. திரும்பும் சில்லு வைத்தால் உள்ளே தள்ளும்போது பெட்டி குறுக்கே போய் முட்டும். தரையில் இருபுறமும் முக்கால் அங்குலச் சட்டம் ஒட்டினால் பெட்டி தண்டவாளத்தில் போவது போல நேரே ஓடும். முழு ஆழத்துக்கும் இழுபடும் உயரப் பெட்டியைச் சறுக்கியில் மட்டும் தொங்கவிட்டால் பாரம் முன்னே வந்ததும் கூட்டோடு சாயும். முன்முனையில் சில்லு இருந்தால் சாயாது. பின்னால் ஒரு தடுப்புக்கட்டை வையுங்கள், பெட்டி சுவருக்கு இரண்டங்குலம் முன்னே நின்றுவிடும். அந்த இரண்டங்குலத்தால்தான் காற்று ஏறி இறங்கும். கைபிடிக் குமிழ் வேண்டாம். படியால் இறங்கித் திரும்பும் இடத்தில் சாரமும் சேலையும் அதில் கொளுவும். பலகையின் மேல் ஓரத்தில் நாலங்குலத்துக்கு விரல் போகும் வெட்டு எடுத்தால் போதும்.

கூடு தரையைத் தொடக்கூடாது. நாலங்குல உயரச் சீமெந்து மேடை, இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் கால். முன் அடிப்பலகையை இழுத்தெடுக்கக் கூடியதாகப் பூட்டுங்கள். கறையான் மண் குழாய் கட்டி ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்க்க அதுதான் வழி. முதுகுப் பலகை தேவையில்லை. வைத்தே ஆகவேண்டும் என்றால் சுவருக்கும் அதற்கும் நடுவே ஓரங்குல நிலைக்குத்துச் சட்டம் கொடுத்து மேலும் கீழும் திறந்து விடுங்கள். குறுக்குச் சட்டம் அடித்தால் காற்று அதிலேயே நின்றுவிடும். பூட்டுமுன் எல்லாப் பலகைக்கும் வெண்காரம் 60 கிராம், போரிக் அமிலம் 40 கிராம் ஒரு லீற்றர் சுடுநீரில் கரைத்து இரண்டு பூச்சுக் கொடுத்து நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். இந்த மருந்து நீரில் கரைந்து போகும். மேலே வார்னிஷ் அடித்தால்தான் நிற்கும்.

வார்னிஷ் விடயத்தில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். முன்முகத்துக்கு மூன்று பூச்சு, பின்முகத்துக்கு ஒன்றுமில்லை. ஈரம் பின்முகத்தால் மட்டும் ஏற, பலகை ஓடு போல வளையும். ஆறு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கை. ஒட்டுப்பலகையின் வெட்டு ஓரத்துக்கு ஐதாக்கிய பூச்சு இரண்டு கூடுதல். மழை நாளில் லாக்கர் அடிக்காதீர்கள், வெள்ளை படரும். திருகாணியும் பிணைச்சலும் பித்தளை அல்லது துருவேறா உருக்கு. கடலோரத்துக்கு 304 தரத்தை விட 316 நல்லது. இரும்புத் திருகாணி தேக்கில் இறங்கினால் ஈரத்தில் அந்த இடம் மை கொட்டியது போலக் கறுக்கும்.

கூட்டைப் படியின் அடியில் தொங்கவிட வேண்டிய தேவை இல்லை, அது தன் காலிலேயே நிற்கட்டும். ஆடாமலிருக்க ஒரு சட்டம் பிடிக்க வேண்டுமென்றால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் துளைக்காதீர்கள். துளையூசி கம்பியில் முட்டினால் அழுத்தாமல் ஓரங்குலம் தள்ளிப் போங்கள். அந்தக் கம்பிதான் படியைத் தாங்குகிறது.

அங்கே என்ன வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். எரிவாயுச் சிலிண்டர் கூடவே கூடாது, வெற்றுச் சிலிண்டரும்தான். சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது. மேல்தட்டில் கசிந்தால் யன்னலால் போக வழியுண்டு. கீழ்த்தட்டில் கசிந்தால் கிணற்றில் தண்ணீர் போல அடியிலேயே தேங்கும், ஒரு சுவிச் போட்டால் போதும். 2021ஆம் ஆண்டின் கடைசியில் நாடெங்கும் அடுப்படிகளில் வெடித்தது இன்னும் மறந்திருக்காது. மண்ணெண்ணெய், தின்னர், பெயின்ற் ஆகியவையும் அப்படியே. தீப்பிடித்தால் கீழ்த்தட்டில் இருப்பவர் ஏறிவர இருப்பது அந்தப் படிதான். மெயின் சுவிச்சும் ட்ரிப் சுவிச்சும் படியடியில் இருந்தால் அந்த இடத்தைப் பலகையால் மறைக்காமல் விடுங்கள், முன்னால் மூன்றடி திறந்திருக்கட்டும். இன்வேர்ட்டர் பற்றறி வைப்பதானால் கதவில்லாத திறந்த தட்டில்தான். புத்தகத்துக்கும் இந்த இடம் சரிவராது, எவ்வளவு அழகாகச் செய்தாலும்.

வீட்டுப் படம் கீறுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீழ்த்தட்டுப் படியைக் கீறும்போதே அதன் தாழ்ந்த மூலையில் தரையோடு ஒன்றும், உயர்ந்த முனையில் மேல்மட்டத்தோடு ஒன்றுமாக நாலங்குலக் காற்றுக்குழாய் இரண்டையும், உள்ளே ஒரு விளக்குக்கான வயர் புள்ளியையும் குறித்துவிடுங்கள். கொங்கிறீட் போடுமுன் இரண்டு துண்டு பிவிசிக் குழாயோடு முடிகிற வேலை. வீடு கட்டி முடிந்த பிறகு அதே துளைக்குக் கல்லுடைக்கும் மெஷின் கொண்டுவர வேண்டியிருக்கிறது. தூசியும் இரைச்சலும் கண்ட வீட்டுக்காரர் பாதியில் ‘காற்று வேண்டாம், கதவைப் பூட்டுங்கள்’ என்கிறார்.

இவ்வண்ணம்,
தச்சு வேலையாளர் சிலர்,
திருகோணமலை.